வொல்ஃப்ஸ்பர்கிலிருந்து அக்கா அனுப்பிய படங்கள்

குழு: நம்ம வீடு
ஞாயிறு, காலை 10:40

அக்கா: (படம்)

அக்கா: (படம்)

அக்கா: எல்லாருக்கும் வணக்கம். நேற்று வொல்ஃப்ஸ்பர்க் போய் வந்தோம். பிரவுன்ஷ்வைக்கில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் அங்கே இறங்கிவிடலாம். முதல் படத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நான்கு புகைபோக்கி தெரிகிறதே, அது ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையின் பழைய மின் நிலையம். இரண்டாவது படத்தில் இருப்பது கண்ணாடிக் கோபுரம். 20 மாடி. உள்ளே 400 புதுக் கார்கள், புறாக் கூட்டில் புறா இருக்கிற மாதிரி அடுக்கி நிற்கின்றன.

அத்தை: அழகாக இருக்கிறது கண்ணு. அந்தக் குளிரில் ஸ்வெட்டர் போட்டாயா? படத்தில் காணோமே.

அக்கா: போட்டிருக்கிறேன் அத்தை, கோட்டுக்குள்ளே இருக்கிறது.

பெரியப்பா: ஜெர்மன்காரன் வண்டி என்றால் கதவைச் சாத்தும் சத்தத்திலேயே தெரியும் அம்மா. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு பாதிரியார் ஃபோக்ஸ்வேகனின் வண்டு கார், அதுதான் பீட்டில், வைத்திருந்தார். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் எல்லா வண்டியும் மூடியைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். அவர் வண்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

சித்தப்பா: ஊற்றவே முடியாது அண்ணே. அதில் ரேடியேட்டரே கிடையாது.

சித்தப்பா: நான் வேலை பழகிய பட்டறைக்கு ஒன்று வந்திருந்தது. பின்பக்க மூடியைத் திறந்தால் எஞ்சின். நாலு சிலிண்டர், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் மெல்லிசாகத் தகடு தகடாக வார்த்திருப்பார்கள். பெல்ட்டில் ஓடுகிற ஃபேன் அதன் மேல் காற்றைத் தள்ளும். அவ்வளவுதான் கூலிங். பனியில் உறையத் தண்ணீர் இல்லை, வெயிலில் கொதிக்கவும் தண்ணீர் இல்லை. கியர்பாக்ஸோடு பிடித்திருக்கிற நாலு போல்ட்டைக் கழற்றினால் எஞ்சின் மொத்தமும் கீழே இறங்கிவிடும். ஆனால் பெல்ட் அறுந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. எங்கள் மேஸ்திரி எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

தம்பி: அந்தக் காரை ஹிட்லரே வரைந்தாராமே? ஒரு ரீலில் பார்த்தேன்.

அக்கா: கார் வேண்டும் என்று ஆணை போட்டவர் அவர். வடிவமைத்தது ஃபெர்டினாண்ட் போர்ஷேயும் அவருடைய ஆட்களும். 1934இல் ஒப்பந்தம். விலை அந்தக் கால ஜெர்மன் பணத்தில் 1,000 மார்க்கைத் தாண்டக்கூடாது என்று கட்டளை. ஃபோக்ஸ்வேகன் என்றால் மக்கள் கார் என்றுதான் அர்த்தம். இங்கே எல்லாரும் ஃபோல்க்ஸ்வாகன் என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

அக்கா: இன்னொன்று. அந்த ஊரே இந்தக் காருக்காக உண்டாக்கியது. 1938 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அதுவரை அங்கே வயலும் ஒரு பழைய கோட்டையும்தான். ஊருக்குப் பெயர்கூட ஒழுங்காக வைக்கவில்லை, இன்ன காரின் நகரம் என்றே அழைத்தார்கள். போர் முடிந்த பிறகு அந்தக் கோட்டையின் பெயரை எடுத்து வொல்ஃப்ஸ்பர்க் என்று வைத்தார்கள்.

நான்: அப்படியென்றால் அப்போதே ஜனங்கள் கையில் கார் கிடைத்ததா அக்கா?

அக்கா: அதுதான் இல்லை. வாரம் 5 மார்க் கொடுத்து ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டை நிரம்பினால் கார். சுமார் 3,36,000 பேர் அப்படிக் கட்டினார்கள். ஒருவருக்குக்கூட வண்டி கிடைக்கவில்லை. போர் வந்தது, தொழிற்சாலை ராணுவ ஜீப் செய்யப் போய்விட்டது.

அத்தை: தீபாவளிச் சீட்டு மாதிரி அல்லவா இருக்கிறது! பாவம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருப்பார்கள். பணமாவது திரும்ப வந்ததா?

அக்கா: வழக்குப் போட்டார்கள் அத்தை. பல வருஷம் இழுத்து 1961இல் முடிந்தது. புது வண்டி வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி. வண்டி வேண்டாம் என்றால் கையில் 100 மார்க்.

பெரியப்பா: இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போயிற்றே. எத்தனை பேரிடம் அந்தக் காரைப் புகழ்ந்திருப்பேன்.

அக்கா: அப்பா, நேற்று நான் முக்கியமாகப் போனதே வேறு ஒன்றைப் பார்க்கத்தான். கோபுரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். தொழிற்சாலைக்கு உள்ளே, ஒரு கூடத்துக்குக் கீழே, குண்டு விழும்போது ஒளிந்துகொள்ளக் கட்டிய பதுங்கு அறைகள் இருக்கின்றன. 1999 முதல் அதை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் அழைத்துப் போய்க் காட்டுவார்கள்.

அக்கா: (படம்)

அக்கா: கூரை தாழ்வு. கான்கிரீட் சுவர், கதவு பெரிய இரும்புக் கதவு. மேலே தொழிற்சாலை இன்னமும் ஓடுகிறது, அதற்கு அடியில் இது. போர்க்காலத்தில் ஏறக்குறைய 20,000 பேரை இங்கே கட்டாயமாகக் கொண்டுவந்து வேலை வாங்கியிருக்கிறார்கள். போலந்துக்காரர்கள், ரஷ்யா, உக்ரைன் பக்கத்துப் பெண்கள், போர்க் கைதிகள், வதை முகாமிலிருந்து கொண்டுவந்த யூதர்கள். 1944இல் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

சித்தப்பா: ஜீப்போடு பறக்கும் குண்டும் செய்தார்கள் இல்லையா?

அக்கா: ஆமாம் சித்தப்பா. லண்டன் மேல் விழுந்த வி-1 குண்டுக்கும் இங்கே வேலை நடந்தது.

அக்கா: அப்புறம் ஒன்று. எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்களுக்குக் குழந்தை பிறந்தால் சில நாளிலேயே பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள், தாய் மறுபடி வேலைக்கு வர வேண்டும் என்பதற்காக. பக்கத்தில் ரூஹென் என்ற கிராமத்தில் ஒரு முகாமில் குழந்தைகளை வைத்தார்கள். பாலும் இல்லை, சுத்தமும் இல்லை. 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயின. போருக்குப் பிறகு தொழிற்சாலை மருத்துவருக்கு பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது.

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: ஐயோ. என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. அடுப்பில் குழம்பு இருக்கிறது, போய்விட்டு வருகிறேன்.

பெரியப்பா: எத்தனை வருஷம் கழித்து இதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது?

அக்கா: ரொம்பத் தாமதம் அப்பா. 1980களில்தான் ஒரு சரித்திரப் பேராசிரியரிடம் காகிதங்களைத் திறந்துகொடுத்து ஆராயச் சொன்னார்கள். அவர் எழுதியது 1996இல் வந்தது, பெரிய தடிமனான புத்தகம். உயிரோடு இருந்த தொழிலாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது 1998இல். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நான்: இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் காருக்கு நல்ல பெயர் எப்படி வந்தது அக்கா?

அக்கா: அதற்கு நீ ஓர் ஆங்கிலேயரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஐவன் ஹர்ஸ்ட். பிரிட்டிஷ் ராணுவ மேஜர், வண்டி பழுது பார்க்கும் பிரிவு. 1945 ஆகஸ்டில் அவரிடம் இந்தத் தொழிற்சாலையை ஒப்படைத்தபோது வயது 29. கூரை பாதி இல்லை. வெடிக்காத குண்டு ஒன்று இயந்திரங்களுக்கு நடுவே செருகிக் கிடந்தது. அது வெடித்திருந்தால் வேறு இயந்திரம் செய்ய வழியே இல்லை, கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அக்கா: தொழிற்சாலையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போவதாகத்தான் பேச்சு இருந்தது. பிரிட்டனின் கார் முதலாளிகள் வந்து பார்த்துவிட்டு இந்த வண்டியால் ஒரு பயனும் இல்லை என்று போய்விட்டார்கள். ஹர்ஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? பழைய வண்டி ஒன்றைப் பிடித்து ராணுவப் பெயிண்ட் அடித்து மேலதிகாரிகளுக்கு அனுப்பி வைத்தார். அவர்களுக்கு அப்போது வண்டிப் பஞ்சம். 20,000 வண்டிக்கு ஆர்டர் வந்தது! 1946 மார்ச்சில் மாதத்துக்கு 1,000 வண்டி வெளியே போனது.

சித்தப்பா: அந்த ஆளைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன். வண்டி செய்வதோடு விடவில்லை அவர். ஒவ்வொரு வண்டியையும் சோதித்துப் பார்க்க ஆள் வைத்தார். சர்வீசுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் கழற்றி மாட்டுவார் என்பதற்கு வழி செய்யாமல் வண்டியை விற்காதே என்பதுதான் கொள்கை. அப்புறம் 1948இல் நோர்ட்ஹோஃப் என்பவர் கம்பெனியின் தலைவராக வந்தார். அவர் வெளி உருவத்தை மாற்றாமல் உள்ளே வருஷா வருஷம் ஏதாவது ஒன்றைத் திருத்திக்கொண்டே இருந்தார். அண்ணே, பாதிரியார் வண்டி வெயிலில் நிற்காமல் ஓடியதற்கு இவர்கள்தான் காரணம். ஹிட்லருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

பெரியப்பா: இதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறுகிறது தம்பி.

அக்கா: 1955இல் பத்து லட்சமாவது வண்டி, தங்க நிறத்தில். 1972 பிப்ரவரியில் 1,50,07,034ஆவது வண்டி இறங்கியபோது ஃபோர்டின் டி மாடலை முந்தியது. கடைசி வண்டி 2003 ஜூலை 30, மெக்சிகோவில் புவேப்லா என்ற ஊரில். மொத்தம் 2,15,29,464.

தம்பி: அக்கா, அந்தக் கம்பெனி சாசேஜும் செய்கிறது என்றார்களே, நிஜமா?

அக்கா: நிஜம். 1973 முதல் சொந்தச் சமையல்கூடத்தில் செய்கிறார்கள். மேலே தக்காளிச் சாறும் கறிப்பொடியும் போட்டுத் தருவார்கள். வண்டிப் பாகங்களுக்கு இருக்கிற மாதிரியே அதற்கும் எண் உண்டு, 199 398 500 ஏ. என் தோழி பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள், ஒரிஜினல் பாகம் என்று அச்சடித்திருந்தது. 2021இல் தலைமை அலுவலக கேன்டீன் ஒன்றில் அதை நிறுத்தினார்கள். நாட்டின் முன்னாள் சான்சலரே எதிர்த்துப் பேசினார். 2023இல் திரும்ப வந்துவிட்டது.

நான்: சித்தப்பா, டீசல் விவகாரம் என்று ஒன்று வந்ததே, அதையும் சொல்லுங்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

சித்தப்பா: அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். புகைச் சோதனையில் வண்டி நகராது. உருளை மேல் சக்கரம் மட்டும் சுற்றும், ஸ்டியரிங் அசையாது. வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் இதை வைத்து, ஓ, சோதனை நடக்கிறது என்று கண்டுகொள்ளும். உடனே புகையைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு முழுதாக வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் அதைக் குறைத்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடு அளவு, சட்டம் அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரைக்கும் போனது. தெரியாமல் நடந்த பிழை என்றால் மன்னிக்கலாம். உட்கார்ந்து எழுதி வைத்த மென்பொருள் இது.

தம்பி: யார் கண்டுபிடித்தார்கள் அப்பா?

சித்தப்பா: அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. டிக்கியில் அளவுக் கருவியும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். சோதனைக்கூடத்தில் வந்த அளவுக்கும் ரோட்டில் வந்த அளவுக்கும் பொருத்தமே இல்லை. டீசல் வண்டியும் சுத்தமாக ஓடும் என்று காட்டத்தான் அந்தச் சோதனையே நடந்தது.

அக்கா: 2015 செப்டம்பர் 18இல் அமெரிக்க அரசு வெளியே சொன்னது. ஐந்தே நாளில் தலைவர் வின்டர்கோர்ன் பதவி விலகினார். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டி. அபராதம், நஷ்டஈடு எல்லாம் சேர்த்து 3,000 கோடி யூரோவுக்கு மேல் போனது. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

பெரியப்பா: அம்மா, எனக்கு இது முன்னதைவிட வேறு விதமாக வலிக்கிறது. அது கொடுங்கோலன் காலம். பயம் இருந்தது, துப்பாக்கி இருந்தது. இங்கே நல்ல சம்பளம் வாங்குகிற படித்த எஞ்சினியர்கள் நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். ஹர்ஸ்ட் ஆள் வைத்துச் சோதித்த அதே கம்பெனியில் சோதனையையே ஏமாற்றியிருக்கிறார்கள்.

சித்தப்பா: என் பட்டறைப் பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்லித்தான் அண்ணே வேலை பழக்குகிறேன். பிரேக் ஷூவைப் பார்த்தேன் என்று சொன்னால் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

நான்: அக்கா, இப்போது ஊர் எப்படி இருக்கிறது?

அக்கா: கவலையாகத்தான் இருக்கிறது. எங்கள் மேல் வீட்டு அம்மாவின் அப்பா, கணவர், மகன் மூன்று பேருமே அங்கே வேலை. 2024இல் தொழிற்சாலைகளை மூடப்போகிறோம் என்று பேச்சு வந்தபோது அந்த அம்மா தூங்கவே இல்லையாம். டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் ஆனது. தொழிற்சாலையை மூடுவதில்லை, ஆனால் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பார்கள். மகனுக்கு வயது 26. மின்சாரக் கார் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறான்.

பெரியப்பா: அந்தப் பையனுக்கு நல்லது நடக்கட்டும்.

பிற்பகல் 1:15

அத்தை: சாப்பாடு ஆனது. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குழந்தைகள் நினைப்பாகவே இருக்கிறது. கண்ணு, அந்த ரூஹென் உனக்கு எவ்வளவு தூரம்?

அக்கா: தூரமில்லை அத்தை. வொல்ஃப்ஸ்பர்கிலிருந்து கொஞ்சம் வடக்கே. அங்கே இடுகாட்டில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது என்று நேற்று வழிகாட்டிய பெண் சொன்னார்.

அத்தை: அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் என் பேரில் கொஞ்சம் பூ வைத்துவிட்டு வா.

அக்கா: அடுத்த ஞாயிறே போகிறேன் அத்தை.

பெரியப்பா: என் பேரிலும் வை அம்மா. சுரங்க அறைப் படத்தை மறுபடி அனுப்பு, என் போனில் திறக்கவில்லை.

அக்கா: (படம்)