போர்ச்சுகீசிய பால் டார்ட்: நடுவில் அமுங்குது, அடியில் ஒட்டுது

கேள்வி: கெய்ஜாடா டி லெய்ட், வெளி ஓடு இல்லாத எளிய வகை. பால் 500 மிலி, சர்க்கரை 250 கிராம், மைதா 100, முட்டை 3, உருக்கிய வெண்ணெய் 50. மஃபின் தட்டில் 180 டிகிரி, 45 நிமிடம். ஓவனில் உப்புது, வெளியே எடுத்ததும் குழி விழுது. அடியும் பிடிக்குது. ஏன்?

பதில் 1: குழி விழுவது இயல்புதான். நீராவியில் உப்பியது ஆறினால் இறங்கத்தான் செய்யும். ஒட்டுவதற்குக் காரணம் சர்க்கரை: ஓரத்தில் பாகாகி, ஆறியதும் இறுகிவிடும். மஃபின் தட்டின் குழிகளில் வெண்ணெய் தாராளமாகத் தடவி மைதா தூவுங்க. எடுத்த பத்து நிமிடத்தில், சூடு இருக்கும்போதே கத்தியால் ஓரத்தைச் சுற்றிவிட்டுக் கழற்றணும்.

பதில் 2: மாவு மோர் மாதிரி நீர்க்கத்தான் இருக்கும், பயந்து மைதாவைக் கூட்டாதீங்க, களியாகிடும். ஆனா மைதா அடியில் தங்கும். ஒவ்வொரு கரண்டிக்கும் கலக்கி ஊத்துங்க. நுரை வர அடிச்சா குழி இன்னும் ஆழமாகும். பால் வெதுவெதுப்பா இருக்கட்டும், ஜில்லுன்னு இருந்தா வெண்ணெய் கட்டிகட்டியா உறையும்.

கேள்வி: மேலே கரும்புள்ளி வரணும்னா 250 டிகிரி வைக்கலாமா?

பதில் 1: அது பஸ்டெல் டி நாட்டாவுக்கு, அதாவது போர்ச்சுகீசிய முட்டை கஸ்டர்ட் டார்ட்டுக்கு. அதில் மடிப்பு மாவு ஓடு உண்டு. இதுக்கு அவ்வளவு சூடு வெச்சா முட்டை திரிஞ்சு தண்ணி விடும்.