ஸ்வார்த்மோர்ல முதல் வருஷம் ஹியூமானிட்டிஸ் எவ்வளவு எடுக்கலாம்?

எடிசன்_அப்பா:
வணக்கம். பொண்ணுக்கு அமெரிக்கால ஸ்வார்த்மோர் காலேஜ் கெடச்சிருக்கு, வர்ற ஆகஸ்ட்ல சேரணும். கணக்குல கெட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்) தான் எடுப்பான்னு நாங்களா முடிவு பண்ணி வெச்சிருந்தோம், இப்ப திடீர்னு ஃபிலாசஃபி, ரிலிஜன்னு பேசுறா. கேட்டலாக்க தொறந்தா கிளாசிக்ஸ், ஆர்ட் ஹிஸ்டரி, அரபிக்னு போய்ட்டே இருக்கு, எது கட்டாயம் எது இஷ்டம்னே புரியல. நான் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சவன், இந்த செமஸ்டருக்கு இந்தப் பேப்பர்னு அவங்களே குடுத்துருவாங்க, வேல முடிஞ்சுது. இங்க செமஸ்டருக்கு நாலே கோர்ஸாம், அதுல ரெண்டு இந்தப் பக்கம் போயிட்டா சிஎஸ் கைவிட்டுப் போயிடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபில்லி_அக்கா:
வாழ்த்துகள் சார்! என் தம்பி அங்கதான் படிச்சான். கட்டாயம்னு பாத்தா ரொம்ப இல்ல. மொத்தம் 32 கிரெடிட் (சாதாரணமா ஒரு கோர்ஸுக்கு ஒண்ணு), ஹியூமானிட்டிஸ் (இலக்கியம், ஃபிலாசஃபி, ரிலிஜன் மாதிரி), சோஷியல் சயின்ஸ், நேச்சுரல் சயின்ஸ்னு மூணு பிரிவு, ஒவ்வொண்ணுலயும் கொறஞ்சது மூணு கிரெடிட் எடுக்கணும், ரைட்டிங் கோர்ஸ் மூணு. அதோட மேஜர், அதாவது முக்கியப் பாடம், அந்த டிபார்ட்மென்ட்டுக்கு வெளிய 20 கிரெடிட் வேணும், அதனால அவ சிஎஸ்ஸே மேஜர் பண்ணாலும் பாதிக்கு மேல வெளியதான் படிச்சாகணும், நீங்க பயப்படுற மாதிரி ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு போச்சுங்கிற கதையே அங்க இல்ல. ஒண்ணு மட்டும் கவனிக்கச் சொல்லுங்க, ஹிஸ்டரி அங்க சோஷியல் சயின்ஸ் பிரிவுல வரும், நம்மூர் நெனப்புல அத ஹியூமானிட்டிஸ் கணக்குல சேத்துடாதீங்க. முதல் செமஸ்டருக்கு கிரேடே கெடையாது, பாஸா இல்லையாங்கிறது மட்டும்தான் டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறும். ஃபிலாசஃபி பாத்துட்டு வரட்டுமே, இத விட்டா எப்ப?

சும்மா_ஒருத்தன்:
பிளேட்டோ லைப்ரரில ஓசில கெடைக்கிறார். அதுக்கு இவ்ளோ ஃபீஸா? 😅 சிஎஸ் முடிச்சு வேலைக்குப் போயிட்டு சாவகாசமா படிக்கலாமே.

கார்னெட்_பையன்:
அண்ணே புக்கு ஓசிதான், அத வெச்சு நம்ம கூட மல்லுக்கட்ட ஆள் ஓசில கெடைக்குமா? நான் இப்ப அங்கதான் ஃபிலாசஃபி ஆனர்ஸ் (செமினாரும் வெளியாள் பரிட்சையும் உள்ள தனி வழி), சிஎஸ் மைனர், அதாவது துணைப் பாடம். ஆனர்ஸ் செமினார்னா ஒண்ணே ரெண்டு கிரெடிட், வாரத்துக்கு ஒரு தடவ, ஆனா மணிக்கணக்கா போகும். யாராவது பேப்பர் எழுதி முன்கூட்டியே அனுப்பிடணும், மத்தவங்க எல்லாரும் படிச்சுட்டு வந்து அதக் கிழிப்பாங்க. நான் தத்துவஞானி கான்ட் பத்தி ஜோரா எழுதுனதா நெனச்ச பேப்பர்ல, ரெண்டாவது பாராவுல “ஆகவே”ன்னு போட்டிருந்தேன், எதுலருந்து ஆகவேன்னு ஒரு பொண்ணு கேட்டா பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலயே பிரேக் வரைக்கும் ஓடிருச்சு. பிரேக்ல திங்கிறதுக்கு யாராவது கொண்டு வரணும், என் முறைக்கு அம்மா அனுப்புன முறுக்கு. கடைசி வருஷம் பரிட்சை வைக்கிறது நம்ம ப்ரொஃபசர் இல்ல, வேற காலேஜ்லருந்து வர்றவங்க, எழுத்துலயும் உண்டு நேர்லயும் உண்டு. 1922லருந்து இப்படித்தான், ஆக்ஸ்ஃபோர்டப் பாத்து ஆரம்பிச்சது.

@எடிசன்_அப்பா கோர்ஸ் பேர வெச்சு முடிவு பண்ண வேணாம்னு சொல்லுங்க. முதல் வருஷப் பசங்களுக்குன்னே பன்னண்டு பேர் வரைக்கும் உள்ள செமினார் இருக்கு, அதுல ஒண்ணக் கண்டிப்பா போடட்டும். நெறைய பேர் கேட்டா லாட்டரி வரும், அதனால கைல ரெண்டு மூணு மாத்து வெச்சிருக்கணும். சிஎஸ் கிளாஸுக்கும் அதே அடிதடிதான், முதல் கோர்ஸத் தள்ளிப் போடாம ஆரம்பத்துலயே முடிச்சுட்டா நல்லது.

ஃபில்லி_அக்கா:
இன்னொண்ணு விட்டுட்டேன். ப்ரின் மார், ஹேவர்ஃபோர்ட்னு பக்கத்துக் காலேஜ் ரெண்டுலயும் கோர்ஸ் எடுக்கலாம், தனி ஃபீஸ் கெடையாது. பென்சில்வேனியா யுனிவர்சிட்டிலயும் எடுக்கலாம், அங்க தமிழே சொல்லித் தர்றாங்க! காலேஜ் வாசல்லயே ரயில் ஸ்டேஷன். ஆனா போக வர நேரமாகும், முதல் வருஷம் வேணாம்.

எடிசன்_அப்பா:
ரொம்ப நன்றிங்க. இங்க இருக்குறதப் படிச்சுக் காட்டுனேன், “இதத்தானே நானும் சொன்னேன்”ங்கிறா. ஃபிலாசஃபி செமினார், சிஎஸ் முதல் கோர்ஸ், லத்தீன், கணக்குன்னு போட்டிருக்கா. லத்தீன் எதுக்குன்னு கேட்டேன், பதில் வரல.

கார்னெட்_பையன்:
லத்தீன் தெனமும் உழைப்பு கேக்கும், தெரிஞ்சு போகட்டும். ஆமா, நீச்சல் தெரியுமா? ஃபிசிகல் எஜுகேஷன் ரிக்வயர்மென்ட்ல ஸ்விம் டெஸ்ட் இருக்கு சார், அத யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க.