ஸ்டேஜ் லெஃப்ட் யாருக்கு லெஃப்ட்? மேடைச் சொற்கள் குழப்புகின்றன

புதுவேஷம்:
கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஒத்திகையில் இயக்குநர் "டவுன்ஸ்டேஜ் லெஃப்ட் வா" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அவருக்கு எது இடதோ அந்தப் பக்கம் நடந்தேன், தட்டோடு வந்த பையன் மேல் மோதி டம்ளர் எல்லாம் உருண்டுவிட்டது. இடது வலது யாருக்கு? தரை சமமாக இருக்கும்போது அப் என்ன, டவுன் என்ன? வெள்ளிக்கிழமை அடுத்த ஒத்திகை, உதவுங்கள்.

விங்ஸ்ஓரம்:
வருத்தப்படாதீர்கள், முதல் மாதம் எல்லாருக்கும் நடப்பதுதான். இடது வலது எப்போதும் நடிப்பவருடையது. பார்வையாளர்களைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் ஸ்டேஜ் லெஃப்ட், அப்புறம் நீங்கள் திரும்பி நின்றாலும் தரையில் படுத்துக் கிடந்தாலும் அது மாறாது.

அப், டவுன் வந்தது சரிவால். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மேடையின் பின்பக்கத்தை உயர்த்திச் சரிவாகக் கட்டினார்கள், திரையில் வரைந்த தெருவும் மாளிகையும் தூரத்தில் போவதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக. பின்னால் போவது நிஜமாகவே ஏறிப் போவது, முன்னால் வருவது இறங்கி வருவது. தரை சமமான பிறகும் பெயர் நின்றுவிட்டது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர் மெல்லப் பின்னால் நகர்ந்தால், அவரைப் பார்க்க நீங்கள் திரும்பித்தான் ஆக வேண்டும். உங்கள் முதுகுதான் கூட்டத்துக்குத் தெரியும், காட்சி அவருடையதாகிவிடும். "அப்ஸ்டேஜ் பண்ணாதே" என்று திட்டுவது இதற்குத்தான். தெரிந்தே செய்பவர்களோடு நடிக்க எனக்குப் பிடிக்காது.

இடங்களை வசன நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள், பேனா வேண்டாம். பிளாக்கிங், அதாவது யார் எப்போது எங்கே நிற்பது, நகர்வது என்ற அமைப்பு, எப்படியும் மாறும்.

எழினி:
ஆங்கிலச் சொற்களோடு நம்முடையதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடை அளவே இருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், ஒரு கோலுக்கு 24 விரல், போக வர இரண்டு வாசல். திரைக்கு மூன்று பெயர். ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. சபா மேடையில் நடுவில் பிரிந்து திறக்கிறதே, அது பொருமுக எழினிதான். தெருக்கூத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்பார்கள், வேஷக்காரர் பின்னாலிருந்தே பாடுவார், திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் ஆடும். அந்த நுழைவை ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

களரி:
நான் மட்டக்களப்பு. எங்கள் கூத்து ஆடும் வட்டக்களரியில் சுற்றிவரச் சனம் இருக்கும், அங்கே முன் பின் என்ற பேச்சே எடுபடாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, நாலு பக்கமும் பார்த்து ஆடிய ஆட்டத்தை ஒரு பக்கம் பார்க்க அமைக்க வேண்டியிருந்தது. இப்போது வட்ட மேடை நாடகம் போடுகிறவர்கள் மேடையைக் கடிகார முகமாக வைத்து இடம் சொல்வதுண்டு: "ஆறு மணிக்கு வந்து நில்லுங்கோ" என்று.

புதுவேஷம்:
எல்லாருக்கும் நன்றி. ஹாலில் சாக்பீஸால் முன்-நடு-பின், இடது-நடு-வலது என்று ஒன்பது கட்டம் போட்டு, டிவி இருக்கும் சுவரைப் பார்வையாளராக வைத்து, தம்பி சொல்லச் சொல்ல நடந்து பார்த்தேன். இருபது தடவையில் இரண்டுதான் தப்பு. ஒரு சந்தேகம்: மேடையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறதே, அதன் மேல் நிற்க வேண்டுமா, பின்னாலா?

விங்ஸ்ஓரம்:
அது யாருக்கு ஒட்டியது என்று முதலில் கேளுங்கள். மூலை மாதிரி மடக்கி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் மேசை, நாற்காலியின் கால் வைக்கும் குறி, ஸ்பைக் என்பார்கள். உங்களுக்கென்று ஒட்டியது என்றால் அதன் மேலேயே நில்லுங்கள், ஆனால் குனிந்து தேடாதீர்கள். விங்ஸிலிருந்து, அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவிலிருந்து, அது எத்தனை காலடி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.