ஆயில் அளவு: காலையில் பார்ப்பதா, வண்டி ஓடி நின்ற பிறகா?

நீலக்கார்
பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டை ஒட்டி நிற்கிறது. மாலையில் வெளியே போய்விட்டு வந்து, நிறுத்திய கையோடு பார்த்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே நாளில் இவ்வளவு குறையுமா? எதை நம்புவது? ஊற்ற வேண்டுமா, வேண்டாமா?

ஸ்பானர்கை
காலை அளவுதான் கணக்கு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் மெல்ல மெல்ல வடிந்து சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், வந்து சேர்ந்திருக்கும். ஓடி நின்றவுடன் பார்த்தால் சிலிண்டர் ஹெட்டிலும் கேம் ஷாஃப்ட் பக்கமும் ஆயில் ஓடும் துளைகளிலும் கொஞ்சம் தங்கியிருக்கும். நீங்கள் மாலையில் பார்த்த 'குறைவு' அதுதான். ஆயில் எங்கேயும் போகவில்லை.

அதை நம்பி ஊற்றிவிடாதீர்கள். மறுநாள் காலையில் மேல் கோட்டைத் தாண்டிவிடும். ஆயில் ரொம்ப அதிகமானால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரை கிளப்பும். நுரையைப் பம்ப் இழுத்தால் பேரிங்குக்கு ஆயிலோடு காற்றும் போகும். அழுத்தம் விழும், சீல்கள் கசிய ஆரம்பிக்கும்.

மேனுவல்வாசி
அதிகமாக ஊற்றக்கூடாது என்பது வரைக்கும் சரிதான் அண்ணே. ஆனால் 'காலை அளவுதான் கணக்கு' என்று எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. அந்தக் கோட்டைப் போட்டது கம்பெனி. எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் போட்டார்களோ, அந்த நிலையில் பார்த்தால்தான் கோட்டுக்கு அர்த்தம். இன்ஜினைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள் என்று நிறைய மேனுவல்களில் இருக்கிறது. குளிர்ந்த பிறகு பார்க்கச் சொல்லும் மேனுவலும் உண்டு. வண்டிக்கு வண்டி மாறும்.

வித்தியாசம் சின்னதும் இல்லை. ஆயில் ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.07 சதவீதம் விரியும். 20 டிகிரியில் 4 லிட்டர் இருந்தால் 90 டிகிரியில் சுமார் 200 மில்லி கூடும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே 1 லிட்டர் அளவுக்குத்தான் இடம். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் சூட்டினால் மாறுகிறது. சூடாகப் பார்க்க வேண்டிய வண்டியில் குளிரப் பார்த்து மேல் கோடு வரை நிரப்பினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

ஸ்பானர்கை
தம்பி, விரிவது உண்மை. ஆனால் அதே சமயம் மேலே தங்கி நிற்கும் ஆயில் அந்தக் கூடுதலைச் சாப்பிட்டுவிடுகிறதே. அப்புறம் 'சில நிமிடம்' என்றால் எத்தனை? ஒருவர் இரண்டு நிமிடத்தில் குச்சியை உருவுவார், இன்னொருவர் போன் பேசிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வருவார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு வராது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்தக் குழப்பம் கிடையாது. வீட்டில் பார்ப்பவருக்கு முக்கியம், இந்த மாதம் பார்த்ததையும் போன மாதம் பார்த்ததையும் ஒப்பிட முடிய வேண்டும் என்பது.

மேனுவல்வாசி
ஒப்பிட மட்டும் என்றால் சரி, காலையில் பாருங்கள், ஒவ்வொரு முறையும் அப்படியே பாருங்கள். ஆனால் நீலக்கார் கேட்டது ஊற்றணுமா வேண்டாமா என்று. அதற்குக் கம்பெனி சொன்ன நிலையில் எடுத்த அளவு வேண்டும்.

பழைய போர்ஷே 911 மாதிரி டிரை சம்ப் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் தனி டேங்கில் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில், ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்தால் டேங்கிலிருந்து ஆயில் இன்ஜின் பக்கம் இறங்கிவிடும். உங்கள் முறைப்படி காலையில் குச்சியைப் பார்ப்பவர் ஆயில் இல்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார். டிப்ஸ்டிக்கே இல்லாமல் சென்சார் மட்டும் வைத்த புதுக் கார்களிலும், இன்ஜின் சூடானால்தான் அளவு காட்டும் ரகம் இருக்கிறது.

ஸ்பானர்கை
அந்த வண்டிகளை விடுங்கள், அவற்றுக்கு அதன் முறை. நான் பேசுவது சாதாரண சம்ப் உள்ள காரைப் பற்றி. அதில் என் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நகர்வலம்
இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியப்போகிறது. அப்போது ஊற்றினால் போதாதா?

மேனுவல்வாசி
போதாது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சிவப்பு ஆயில் கேன் விளக்கு அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும்போது ஆயில் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்திருக்கலாம், பேரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கலாம். எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். அளவுக்கென்று தனியாக மஞ்சள் விளக்கு வைத்த கார்கள் உண்டு, எல்லாக் காரிலும் இல்லை.

ஸ்பானர்கை
இதில் தம்பி சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வளைவில் திரும்பும்போது மட்டும் அந்த விளக்கு மினுக்கி அணைந்தாலும் சாதாரணமாக விடாதீர்கள். ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

டீசல்பயணி
எல்லோரும் குறைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களைப் போல டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) வைத்த டீசல் ஓட்டுபவர்களுக்கு ஆயில் *ஏறுவது*தான் கவலை. புகைக்கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டி, எரிப்பு முடிவதற்குள் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாகச் சம்ப்பில் இறங்கும். மாதக்கணக்கில் ஆயில் குறையவே இல்லை என்று சந்தோஷப்படுவோம். உள்ளே இருப்பதோ நீர்த்துப்போன ஆயில். குச்சியை மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை வரும். மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

கலங்கிப் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அது வேறு கதை. ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம். ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சமதளம்
சூடா குளிரா என்று சண்டை போடுகிறீர்கள். அதைவிடப் பெரிய பிழை தரையிலும் கையிலும் இருக்கிறது.

வாசலில் நிறுத்துகிற இடம் பெரும்பாலும் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுக் கட்டியதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் சாயும். சந்தேகம் இருந்தால் ஒரு முறை அளவு பாருங்கள். பிறகு வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தி, அதே மாதிரி சூடாக்கி, அதே நேரம் காத்திருந்து மறுபடியும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.

முதல் தடவை உருவியதைப் படிக்காதீர்கள். பஞ்சு உதிராத துணியால் குச்சியை நன்றாகத் துடைத்து, கைப்பிடி முழுசாக உட்காரும்வரை அமுக்குங்கள். பாதியில் நின்றால் அளவு குறைவாகக் காட்டும். சில நொடி விட்டு நேராக உருவி, படுக்கைவசமாகப் பிடியுங்கள். நுனியைத் தூக்கினால் ஆயில் கைப்பிடிப் பக்கம் ஓடி, அளவு ஏறின மாதிரி தெரியும். அப்புறம் இரண்டு பக்கமும் பாருங்கள். குழாய்ச் சுவரில் உரசிய பக்கத்தில் ஆயில் இழுவிக்கொண்டு மேலே போயிருக்கும். குறைவாகக் காட்டும் பக்கத்தில், குச்சியின் அகலம் முழுக்க ஆயில் பிடித்திருக்கும் இடம்தான் உண்மையான மட்டம்.

புது ஆயில் கண்ணாடி மாதிரி இருப்பதால் மட்டமே தெரியாது. வெள்ளை டிஷ்யூவில் குச்சியைப் படுக்கவைத்து எடுங்கள், ஈரம் எதுவரை பதிந்திருக்கிறது என்று காகிதம் காட்டிக்கொடுக்கும்.

ஸ்பானர்கை
காலையில் பார்ப்பவர் துடைக்கவே வேண்டாம் சார். ராத்திரியெல்லாம் குழாய்ச் சுவர் வடிந்திருக்கும். முதல் உருவலே சுத்தமாக இருக்கும்.

சமதளம்
எப்போதும் அப்படி அமையாது அண்ணே. சில வண்டிகளில் கைப்பிடியில் ரப்பர் வளையம் இறுக்கமாக மூடியிருக்கும். குழாய்க்குள் அடைபட்ட காற்றினால் உள்ளே இருக்கும் மட்டமும் சம்ப் மட்டமும் ஒன்றாக இருக்காது. குச்சியை உருவி, ஒரு நிமிடம் காற்று போகவிட்டு, துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். வேலை ஒன்றும் கூடிவிடாது.

நீலக்கார்
எல்லோருக்கும் நன்றி. மேனுவலைத் தேடி எடுத்தேன். சூடான இன்ஜின், சமதளம், அணைத்து 5 நிமிடம் என்று போட்டிருக்கிறது. சமதளம் சார் சொன்னபடி துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்தேன். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, முக்கால் பங்கு. ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டுவரட்டுமா?

மேனுவல்வாசி
வேண்டாம். இரண்டு கோட்டுக்கு நடுவில் எங்கே இருந்தாலும் அது சரியான அளவுதான். பாதிக்குக் கீழே இறங்கினால் யோசிக்கலாம். அப்போதும் மேனுவலில் போட்டிருக்கும் கிரேடையே வாங்கி, 250 மில்லி ஊற்றி, இறங்குவதற்குச் சில நிமிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள். ஊற்றியதை வெளியே எடுப்பது பெரிய பாடு.

ஸ்பானர்கை
இன்றைக்குக் கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் 'முக்கால்' என்று போட்டு வையுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் குடிக்கலாம் என்று எழுதும் கம்பெனிகளே இருக்கின்றன. உங்கள் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று அந்தத் தாளில்தான் தெரியும். நாளைக் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒரு முறை பார்த்து அதையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் வண்டியில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று நானும் பார்க்க விரும்புகிறேன்.