வகுப்பு நேரத்தில் மட்டும் தடுமாறும் வைஃபை: உதவி தேவை

கேட்டவர்: ஆசிரியை, பாளையங்கோட்டை (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு நாள்தோறும் மாலை ஏழு மணி முதல் எட்டரை வரை வீட்டுக் கணினி வழியாகப் பாடம் நடத்துகிறேன். ஏறத்தாழ ஒரு மாதமாக, வகுப்பு தொடங்கிய ஐந்து நிமிடங்களுக்குள் வைஃபை தடுமாற ஆரம்பிக்கிறது. என் குரல் விட்டு விட்டுக் கேட்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள்; சில சமயம் இணைப்பு முழுவதுமாக அறுந்து, அரை நிமிடம் கழித்துத் தானாகவே திரும்ப வருகிறது. நேற்று முக்கோணவியலில் ஒரே கணக்கை நான்கு முறை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

ரவுட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. என் மேசை அங்கிருந்து சுமார் 25 அடி தள்ளி, ஒரு சுவருக்கு அப்பால் உள்ள அறையில் இருக்கிறது. கணினி, விண்டோஸ் 10 உள்ள மேசைக் கணினி. அதில் வைஃபை உள்ளேயே பொருத்தப்பட்டு வரவில்லை என்பதால், பின்பக்கம் ஒரு சிறிய யூஎஸ்பி டாங்கிள் செருகியிருக்கிறேன். இணைப்பு ஃபைபர் வகையைச் சேர்ந்தது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை. திரையில் சிக்னல் கோடுகள் எப்போதும் நிறைவாகவே தெரிகின்றன. பகலில் விடைத்தாள்களைப் பதிவிறக்குவதிலும் காணொளி பார்ப்பதிலும் எந்தச் சிக்கலும் இல்லை. அதே மேசையில் வைத்திருக்கும் கைப்பேசியிலும் வைஃபை எப்போதும் நன்றாகவே வருகிறது.

வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்தும் வைக்கிறேன். அதனால் கணினிக்குச் சுமை கூடுகிறதோ என்ற ஐயமும் உண்டு. போதாததற்கு, வயரில்லாத மவுஸும் திக்கித் திக்கி நகர்கிறது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றிப் பார்த்தேன், குணமில்லை. அது வேறு கதை. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருப்பதால், தெரிந்தவர்கள் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: மதுரையிலிருந்து (திங்கள் இரவு)

வணக்கம் டீச்சர். மாலை ஏழு மணி என்பது அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் வைஃபையைப் பயன்படுத்தும் நேரம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 13 சேனல்கள் இருந்தாலும், அவை ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியிலேயே அமைந்துள்ளன. ஒரு ரவுட்டருக்குக் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்படுவதால், அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றன்மீது ஒன்று ஏறிக்கொள்ளும். ஏறாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. தங்கள் ரவுட்டர் தானியங்கித் தேர்வில் இருந்தால் அதை நிறுத்திவிட்டு, இந்த மூன்றையும் ஒவ்வொரு நாள் வைத்துப் பாருங்கள். அகலத்தை 40-இல் வைத்திருந்தால் 20-க்கு இறக்கிவிடுங்கள்.

கேட்டவர் (வியாழன் இரவு)

மூன்று நாளும் மூன்று சேனல்களில் வைத்துப் பார்த்துவிட்டேன். அகலம் ஏற்கெனவே 20-இல்தான் இருந்தது. ரவுட்டரையும் அணைத்துப் போட்டேன். எதிலும் மாற்றமில்லை. இன்று ஏழு மணி மூன்று நிமிடத்துக்கே குரல் போய்விட்டது.

மறுமொழி: கோவையிலிருந்து (வியாழன் இரவு)

இது முழுக்க முழுக்க இணைய நிறுவனத்தின் கோளாறாகவே தெரிகிறது. மாலையில் வாடிக்கையாளர்கள் கூடும்போது அவர்களால் தாங்க முடிவதில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவதே நல்லது.

மறுமொழி: தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், திருச்சி (வெள்ளி காலை)

அவசரப்பட்டு நிறுவனத்தை மாற்ற வேண்டாம். நாங்கள் பழைய தாமிரக் கம்பி நாள்களில், புகார் வந்தவுடன் கோட்டைப் பாதியாகப் பிரித்து, கோளாறு வீட்டுப் பக்கமா, நிலையத்துப் பக்கமா என்று பார்த்த பிறகே ஏணியைத் தூக்குவோம். இங்கும் அதையே செய்யலாம்.

கமாண்ட் ப்ராம்ப்ட் என்னும் கறுப்புச் சாளரங்கள் இரண்டைத் திறந்துகொள்ளுங்கள். முதலாவதில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு 192.168.1.1 என்று தங்கள் ரவுட்டரின் முகவரியையும், மீண்டும் இடைவெளி விட்டு ஒரு சிறுகோட்டையும் அதை ஒட்டிச் சிறிய ‘என்’ எழுத்தையும், அதன் பின் இடைவெளி விட்டு 200 என்ற எண்ணையும் கொடுங்கள். இரண்டாவதில் ரவுட்டர் முகவரிக்குப் பதிலாக, வெளியே இணையத்தில் உள்ள கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8 என்று கொடுங்கள்; மற்றவை அப்படியே இருக்கட்டும். முதலாவது தங்கள் அறைக்கும் முன்கூடத்துக்கும் இடையே உள்ள வழியை மட்டும் சோதிக்கும். இரண்டாவது வீட்டைத் தாண்டி வெளியே போய்த் திரும்பும். முதலாவதிலேயே பொட்டலங்கள், அதாவது கணினி அனுப்பும் சிறு தரவுத் துண்டுகள், தொலைந்தால், நிறுவனத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

இன்னொன்று. கைப்பேசியில் நன்றாக வருகிறது என்கிறீர்கள். அது 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கலாம், தங்கள் டாங்கிள் 2.4 மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் ஒப்பிடுவது முறையாகாது. ரவுட்டரில் இரு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, கைப்பேசியை 2.4-இல் இணைத்து, வகுப்பு நேரத்தில் அதே மேசையில் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர் (வெள்ளி இரவு)

தாங்கள் சொன்னபடியே செய்தேன், ஐயா. மாலை ஆறு மணிக்கு ரவுட்டருக்கு அனுப்பிய 200 பொட்டலங்களில் ஒன்றுகூடத் தொலையவில்லை. சராசரி நேரம் 3 மில்லிவினாடி. ஏழு மணி பத்து நிமிடத்தில், அதே ரவுட்டருக்கு அனுப்பியதில் 31 தொலைந்தன. சராசரி 180 மில்லிவினாடிக்கு மேல் போய்விட்டது. வெளியே அனுப்பியதிலும் ஏறக்குறைய அதே அளவுதான் தொலைந்தது. ஆக, கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தாங்கள் ஊகித்தது போலவே கைப்பேசி இதுவரை 5-இல்தான் இருந்திருக்கிறது. 2.4-க்கு மாற்றி மேசைமேல் வைத்து என் தங்கையோடு காணொளியில் பேசிப் பார்த்தேன். கணினி தடுமாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கைப்பேசியில் தெளிவாகவே பேச முடிந்தது.

மறுமொழி: சென்னையிலிருந்து (வெள்ளி இரவு)

சுவர் பழைய காலத்துச் சுவராக இருந்தால் சிக்னலை விழுங்கிவிடும். அறைக்கு வெளியே, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி வைத்தால் சரியாகிவிடும்.

மறுமொழி: கணினி பழுதுநீக்குபவர், ஈரோடு (சனி காலை)

டீச்சர், ரிப்பீட்டருக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். சுவர்தான் காரணம் என்றால் அது பகலிலும் அதே இடத்தில்தானே நிற்கிறது? அதே மேசையில் அதே அலைவரிசையில் கைப்பேசி வேலை செய்வதால் ரவுட்டரும் வழியும் நன்றாக இருக்கின்றன. அக்கம்பக்கத்து நெரிசலும் காரணமல்ல. மிஞ்சுவது கணினியும், அதன் பின்பக்கம் செருகியிருப்பவையும் மட்டுமே.

என் கண்ணில் பட்டது தாங்கள் “வேறு கதை” என்று ஒதுக்கிய மவுஸ். வயரில்லாத மவுஸும் பெரும்பாலும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசும். வைஃபையும் மவுஸும் ஒரே வேளையில் திக்குகின்றன என்றால், இரண்டின் காதையும் ஒரே இரைச்சல் அடைக்கிறது என்று பொருள். எனவே இவற்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மவுஸ் திக்குவதும் வகுப்பு நேரத்தில் மட்டும்தானா? வகுப்பைப் பதிவு செய்வதாகச் சொன்னீர்களே, அது எங்கே சேமிக்கப்படுகிறது? வெளியிலிருந்து செருகும் ஹார்ட் டிஸ்க் என்றால், அது எப்போது வாங்கியது, எந்தத் துளையில் செருகுகிறீர்கள், டாங்கிளுக்கு எவ்வளவு அருகில்?

கேட்டவர் (சனி நண்பகல்)

கணினியைத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பின்பக்கம் உள்ளே நீலநிறமாகத் தெரியும் இரண்டு துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேல்துளையில் விரல் நகம் அளவுள்ள அந்த டாங்கிள் இருக்கிறது. கீழ்த்துளையில் ஹார்ட் டிஸ்கின் தடித்த வயரைச் செருகுவேன்; செருகியபின் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை. சற்றுத் தள்ளி, கறுப்புத் துளையில் மவுஸின் குட்டி ரிசீவர் இருக்கிறது. பதிவுகளுக்கென்றே ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய ஹார்ட் டிஸ்க் அது. ஏழு மணிக்குச் சற்று முன் செருகி, வகுப்பு முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவேன். மவுஸ் திக்குவது பகலில் இல்லை. இதை எழுதும்போதுதான் எல்லாம் ஒரே மாதத்தில் நடந்திருப்பது எனக்கே உறைக்கிறது.

மறுமொழி: கணினி பழுதுநீக்குபவர், ஈரோடு (சனி நண்பகல்)

இப்போதே ஒரு சோதனை செய்துவிடலாம், டீச்சர். மாலை வரை காத்திருக்க வேண்டாம். கறுப்புச் சாளரத்தில் நெட்ஷ், டபிள்யூலான், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்யுங்கள். வரும் பட்டியலில் சிக்னல் விழுக்காட்டையும், ரிசீவ் ரேட் என்ற எண்ணையும் (தரவு வந்து சேரும் வேகம், நொடிக்கு மெகாபிட் கணக்கில்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்கைச் செருகி, ஏதேனும் ஒரு பெரிய கோப்பை அதற்குள் நகலெடுக்கவிட்டு, நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் பாருங்கள். கூடவே ரவுட்டருக்குப் பிங்கும் ஓடட்டும்.

கேட்டவர் (சனி பிற்பகல்)

செய்தேன். செருகுவதற்கு முன் சிக்னல் 82 விழுக்காடு, ரேட் 72.2. நகல் ஓடும்போது சிக்னல் 80, ரேட் 6.5. பிங்கில் பத்துக்கு இரண்டு தொலைந்துகொண்டிருந்தன. மவுஸின் அம்புக்குறியும் திரையில் துள்ளியது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிய சில நொடிகளில் பிங் பழையபடி 3 மில்லிவினாடிக்குத் திரும்பிவிட்டது. வியப்பாக இருக்கிறது. சிக்னல் குறையவே இல்லையே, பிறகு எப்படி?

மறுமொழி: கணினி பழுதுநீக்குபவர், ஈரோடு (சனி மாலை)

சிக்னல் என்பது ரவுட்டரின் குரல் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டும் அளவு. சுற்றியுள்ள இரைச்சல் எவ்வளவு என்பதை அந்தக் கோடுகள் காட்டுவதில்லை. கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் எப்போதும் போலத்தான் பேசுகிறார், நம் காதில்தான் விழுவதில்லை. அதனால்தான் சிக்னல் 80-இல் நிற்க, ரேட் மட்டும் 6.5-க்கு விழுந்தது. சொன்னது புரியாமல் போகும்போது ரவுட்டர் மெதுவாகவும் திரும்பத் திரும்பவும் சொல்லிப் பார்க்கும். அதுதான் அந்தத் தாமதம்.

மேளம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த நீலத் துளையிலிருந்து. யூஎஸ்பி 3.0 வகை வயரில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் துடிக்கும் மின்னோட்டம், துளையின் விளிம்பிலிருந்தும் வயரின் உறையிலிருந்தும் ஹார்ட் டிஸ்கின் கூட்டிலிருந்தும் பரந்த அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அதற்குள் அடங்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இணைக்கப்பட்டவுடன் 2.4 பகுதியின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, உயர்ந்ததாக அதில் கூறியிருக்கிறார்கள். கைப்பேசி தப்பியதற்குக் காரணம், அது மேசைமேல் சில அடிகள் தள்ளி இருந்ததே. ரிப்பீட்டர் வாங்கியிருந்தாலும் பயன் அதிகம் இருந்திருக்காது. இரைச்சல் டாங்கிளின் காதோரத்தில் அல்லவா இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி, அதன் ஒரு முனையைக் கணினியின் முன்பக்கம் உள்ள கறுப்புத் துளையில் (அது வேகம் குறைந்த யூஎஸ்பி 2.0 வகை) செருகி, மறுமுனையில் டாங்கிளை மாட்டி, மேசையின் மேல், ரவுட்டர் இருக்கும் திசையில் வையுங்கள். மவுஸ் ரிசீவரையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் பின்பக்கமே இருக்கட்டும், கணினியின் இரும்புப் பெட்டி நடுவில் மறைப்பாக நிற்கும்.

மறுமொழி: மதுரையிலிருந்து (சனி இரவு)

அக்கம்பக்கத்து வீடுகள்மீது பழி போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம் ஐயா: ஹார்ட் டிஸ்கையே கறுப்புத் துளைக்கு மாற்றிவிட்டால் இரைச்சலே இராதே? பதிவுக்கு அந்த வேகம் போதாதா?

மறுமொழி: கணினி பழுதுநீக்குபவர், ஈரோடு (ஞாயிறு காலை)

வேகம் தாராளமாகப் போதும். நொடிக்கு இரண்டரை மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை மணி நேர வகுப்பு 1.7 கிகாபைட் அளவுதான் வரும். கறுப்புத் துளை நொடிக்கு 480 மெகாபிட் வரை தாங்கும். மின்சாரத்தை நினைத்துத்தான் தயங்குகிறேன். நீலத் துளை 900 மில்லியாம்பியர் வரை கொடுக்கும், கறுப்பு 500 மட்டுமே. சில ஹார்ட் டிஸ்குகளுக்கு அது பற்றாமல், சுழல முயன்று ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பும். பிள்ளைகளின் பாடம் அதில் இருக்கிறது. அந்தச் சோதனை வேண்டாம். அதைவிடப் பாதுகாப்பான வழி, பதிவைக் கணினியின் உள் டிஸ்கிலேயே சேமித்து, வகுப்பு முடிந்தபின் ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுப்பது.

கேட்டவர் (வியாழன் இரவு)

திங்கள் முதல் இன்று வரை நான்கு வகுப்புகள் முடிந்துவிட்டன. வயரை வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் வாங்கினேன். டாங்கிளை மேசை ஓரத்தில், வடிவியல் பெட்டியின்மேல் நாடாவால் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருமுறைகூட இணைப்பு அறுபடவில்லை. இன்று வேண்டுமென்றே ஹார்ட் டிஸ்கைப் பின்பக்கம் செருகியபடியே நடத்தினேன்; ரேட் 65-க்குக் கீழே இறங்கவில்லை, மவுஸும் ஒழுங்காக நகர்ந்தது. முக்கோணவியலை இன்று முடித்துவிட்டோம். கோட்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன திருச்சி ஐயாவுக்கும், மவுஸைக் கவனித்த ஈரோடு தம்பிக்கும், முதலில் வந்து பதில் சொன்ன மதுரை நண்பருக்கும் பதினொரு பிள்ளைகளின் சார்பிலும் நன்றி.

ஒரே ஒரு கேள்வி. டாங்கிளைச் சன்னல் பக்கம் கொண்டுபோக இன்னும் நீளமான வயர் போடலாமா?

மறுமொழி: கணினி பழுதுநீக்குபவர், ஈரோடு (வியாழன் இரவு)

மகிழ்ச்சி, டீச்சர். யூஎஸ்பி 2.0 வயருக்கு மொத்தம் 5 மீட்டர்தான் எல்லை. எக்ஸ்டென்ஷன் வயர்களில் மூன்று மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ரேட் 65-இல் நிற்கும்போது அதற்கும் தேவையில்லை. தேர்வெல்லாம் முடிந்தபின், முன்கூடத்திலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். அதற்கு 100 மீட்டர் வரை எல்லை உண்டு, 25 அடி ஒரு பொருட்டே இல்லை.