மாயாஜால நாவல் நடுவில் தொய்கிறது, கோளாறு எங்கே?

மைக்கூடு:
40,000 சொல் தாண்டிவிட்டேன். நாயகி மந்திர வாளைத் தேடிக் காடு, பாலைவனம், பேய்க்கோட்டை என்று போகிறாள், ஒவ்வொரு அத்தியாயமும் தனியாகப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சேர்த்துப் படித்தால் இழுக்கிறது. எங்கிருந்து திருத்துவது?

நிலவொளி:
ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' பொருந்தினால் சரி, 'அப்புறம்' மட்டுமே பொருந்தினால் அங்கேதான் கதை அறுந்திருக்கிறது. பாலைவனத்தை மொத்தமாகத் தூக்கினாலும் கோட்டைக் காட்சி மாறாது என்றால், அவள் அங்கே எதையும் இழக்கவில்லை, எதையும் முடிவு செய்யவும் இல்லை.

மைக்கூடு:
செய்து பார்த்தேன். 14 அத்தியாயங்களில் 9 இடத்தில் 'அப்புறம்'! இன்னொன்று, காயம் ஆற்றும் மந்திரம் அவளுக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது.

கல்தூண்:
அதுதான் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். எந்தக் காயமும் உடனே ஆறிவிடும் என்றால் சண்டையில் வாசகருக்குப் பதற்றமே வராது. மந்திரத்துக்கு ஒரு விலை வையுங்கள்: ஒவ்வொரு முறை ஆற்றும்போதும் அவளுடைய ஒரு நினைவு அழியட்டும். பாலைவனத்தில் தோழனைக் காப்பாற்றி அம்மாவின் முகத்தை மறக்கிறாள், அதனால் கோட்டையில் அம்மா உருவத்தில் வரும் பேயை அவளால் அடையாளம் காண முடியவில்லை. இரண்டு அத்தியாயமும் தானாகக் கோத்துக்கொள்ளும். ஆனால் இப்போதே பின்னால் போய்த் திருத்த வேண்டாம், ஓரத்தில் குறித்துவிட்டு, மாற்றிவிட்டதாகவே வைத்து மேலே எழுதுங்கள்.