பூங்கா சீரமைப்பில் எழும் ஆட்சேபங்கள்: தளத்தில் பதில் சொல்லும் முறை, அனுபவப் பகிர்வு

மக்கள் தொடர்புப் பணியிலிருந்து

வேலை தொடங்கப்போகிறது என்று பலகை வைத்த வாரமே "மரத்தையெல்லாம் வெட்டப் போகிறார்களாம்" என்ற பேச்சு கிளம்பிவிடும். அதை வதந்தி என்று ஒதுக்கினால் அன்றே நம்பிக்கை போய்விடும். பலகையில் வண்ணப் படம் இருக்கிறது. எந்த மரம் நிற்கும், எந்த வாசல் எப்போது மூடும் என்பது இல்லை. பிறகு மக்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

வரைபடத்தை முதலில் தரையில் போடுங்கள். முளை அடித்து, கயிறு கட்டி, பாதையின் இரு ஓரத்துக்கும் சுண்ணாம்புக் கோடு. நிற்கும் மரத்துக்குப் பச்சை நாடா, எடுக்க வேண்டியதற்குச் சிவப்பு நாடா. சிவப்பு கட்டிய ஒவ்வொரு மரத்திலும் காரணத்தை ஒரு வரியில் எழுதித் தொங்கவிடுங்கள். வாரக் கடைசி உட்பட ஒரு வாரமாவது அப்படியே இருக்கட்டும். காகிதத்தில் யாருக்கும் புரியாத பிழை, நடந்து பார்க்கும்போது பத்து நிமிடத்தில் தெரியும்.

கூட்டம் ஒருமுறை போதாது. காலையில் நடப்பவர்கள் வேறு, மாலையில் குழந்தையோடு வருபவர்கள் வேறு. மதியம் நிழலுக்கு வந்து படுப்பவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள். அவர்களிடம் நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

குறைப் பதிவேட்டில் தேதி, அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறை, இடம், பதில் சொல்ல வேண்டியவர், கடைசித் தேதி, முடிவு என்று பத்திகள் போதும். முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்: ஏற்றது, மாற்றி ஏற்றது, முடியாது. மூன்றாவதற்குக் காரணம் கட்டாயம். "பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் படித்தவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். வாரம் ஒருமுறை பதிவேட்டின் நகலை, பெயர்களை நீக்கிவிட்டு, வாசலில் ஒட்டுங்கள்.

மரப் பராமரிப்பிலிருந்து

"ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை" என்ற பதில் பாதி உண்மைதான். வெட்டாமலே மரத்தைக் கொல்லலாம், பல பூங்காக்களில் நடப்பதும் அதுவே. உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், முதல் 60 செ.மீ.க்குள் பரவியிருக்கும். அங்கே ஜேசிபி ஓடி மண் இறுகினாலும், மட்டம் உயர்த்த 20 செ.மீ. மண் கொட்டினாலும் வேருக்குக் காற்று கிடைக்காது. மரம் உடனே காட்டிக்கொடுக்காது. ஓரிரு ஆண்டு கழித்து உச்சிக் கிளையில் இலை குறையும், பிறகு நுனியிலிருந்து காயும். அதற்குள் ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம், அதாவது குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டிய காலம், முடிந்திருக்கும்.

கணக்கு எளிது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம். அதன் 12 மடங்கு தூரம் சுற்றிலும் காப்பு வட்டம். சுற்றளவு 126 செ.மீ. என்றால் விட்டம் 40 செ.மீ., வட்டத்தின் ஆரம் 4.8 மீட்டர். முதல் வண்டி உள்ளே வருவதற்கு முன்பே அசையாத வேலி போட வேண்டும். பிளாஸ்டிக் நாடா வேலி ஆகாது. வேலி போட்டபின் அடிக்கடி நடக்கும் தவறு, உள்ளே இடம் சும்மா கிடக்கிறதே என்று சிமென்ட் மூட்டை அடுக்குவதும் கலவை இயந்திரத்தைக் கழுவிய நீரை ஊற்றுவதும். அந்த நீரின் காரம் வேரைப் பொசுக்கும்.

பாதை வட்டத்துக்குள் போயே ஆக வேண்டுமானால் தோண்டாதீர்கள். இருக்கும் மட்டத்தின் மேல் நீர் இறங்கும் மண்காப்புத் துணி (ஜியோடெக்ஸ்டைல்), அதன் மேல் தூளைச் சலித்து நீக்கிய ஜல்லி, அதற்கும் மேல் நீர் இறங்கும் பரப்பு. குழாய்க்குத் தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால் கையால்தான். 2.5 செ.மீ.க்கு மேல் தடித்த வேர் வந்தால் நிறுத்திவிட்டு மரம் தெரிந்தவரைக் கேளுங்கள். தண்டைச் சுற்றி காங்கிரீட் மேடை கேட்பவர்களிடம், தண்டை ஒட்டாமல் கால் ஊன்றி நிற்கும் பலகை இருக்கையைக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நடைபாதை வேலையிலிருந்து

"சரிவு செங்குத்தாக இருக்கிறது" என்று முதியவர் சொன்னால் வாதாடாமல் அளந்து காட்டுங்கள். 50 செ.மீ. ஏற 1:12 சரிவுக்கு 6 மீட்டர் நீளம் வேண்டும். 1:20 என்றால் 10 மீட்டர். இடம் இருக்கும் இடத்தில் 1:20 தான் என் தேர்வு, சக்கர நாற்காலியைத் தானே தள்ளுபவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. சரிவு சரியாக இருந்தும் கடைசியில் 2 செ.மீ. விளிம்பு நின்றுவிடும், மேல்பூச்சின் தடிமனைக் கணக்கில் சேர்க்காததால். முன்சக்கரம் அங்கேதான் முட்டும்.

விளையாட்டுப் பகுதியிலிருந்து

விழும் குழந்தைக்கு அடிபடாமல் இருக்க மரச்சில்லு 30 செ.மீ. கொட்டினால் சில மாதத்தில் சுமார் 23 செ.மீ. ஆக அமுங்கும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் முடிவிலும் இன்னும் வேகமாகக் குழி விழும். தூண்களில் தேவையான ஆழத்துக்கு ஒரு வண்ணக் கோடு போட்டுவிட்டால் எந்தப் பெற்றோரும் பார்த்தே சொல்லிவிடலாம். ரப்பர் தரை கேட்பவர்களிடம் வெயிலில் அது சுடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிழலுக்கு வழி செய்யாமல் அதைப் போடக் கூடாது.

மின்விளக்குப் பணியிலிருந்து

இருட்டாக இருக்கிறது என்று ஒரு பக்கம், படுக்கையறையில் வெளிச்சம் விழுகிறது என்று எதிர் பக்கம். இரண்டும் ஒரே விளக்கின் குறை. கண்ணில் அடிக்கும் விளக்குக்கு அருகே நிழல் இன்னும் கருப்பாகத் தெரியும். கீழ்நோக்கி மட்டும் ஒளி விடும் மூடிய விளக்கு, 3000 கெல்வினுக்கு (ஒளியின் நிற அளவு, விளக்கின் பெட்டியில் இருக்கும்) மேல் போகாத மஞ்சள் வெளிச்சம், குறைந்த உயரக் கம்பங்களை நெருக்கமாக. வாங்கும் முன் ஒரு தற்காலிகக் கம்பம் நட்டு, இரவில் இரு தரப்பையும் ஒன்றாக அழைத்துக் காட்டுங்கள்.

வடிகால் பணியிலிருந்து

மழைநீர்ப் பள்ளம் என்றதும் கொசுதான் முதல் கேள்வி, நியாயமான கேள்வி. முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரமளவாவது ஆகும். இரண்டு நாளில் வற்றும் பள்ளத்தில் அதற்கு நேரம் கிடைக்காது. வற்றுமா என்பதை மக்கள் முன்னாலேயே சோதியுங்கள். 30 செ.மீ. குழி எடுத்து, ஒருமுறை நீர் நிரப்பி இறங்கவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 1.25 செ.மீ. இறங்கினால் 24 மணி நேரத்தில் குழி காலி. அதில் பாதிகூட இறங்காவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

மீண்டும் மக்கள் தொடர்பிலிருந்து

மேலே மரம் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். திறப்பு நாளோடு பதிவேட்டை மூடாதீர்கள். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு மழைக்குப் பிறகு, குறை சொன்னவர்களையே அழைத்துப் பூங்காவை ஒரு சுற்று நடந்து வாருங்கள். தேங்கிய நீர், பெயர்ந்த கல், இலை மெலிந்த மரம் எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குப் பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.